ஐந்து தொப்புக்கு இரண்டு டொக்கு

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பின் சீட்டில் அரிமளத்து ஆச்சி. வண்டி அவுகளுடையது. பக்கத்தில் ஒரு ஓலைக் கொட்டான். அதில் பலகாரமும் ஒரு புட்டி விளக்கெண்ணெயும்.

நடு சீட்டில் இடது பக்கம் கணக்கப்பிள்ளை. ஆச்சி வீட்டுக் காரியம் எல்லாம் பார்க்கிறவர். கனத்த உடம்பு. கையில் குடை.

நடு சீட்டில் வலது பக்கம் நாயனக்காரர். வாசிக்கிற நாளில் பேச மாட்டார். உதடு கெட்டுப்போகுமாம்.

முன்னால் என் பக்கத்தில் தவில்காரர் வையாபுரி அண்ணன். திருக்கோகர்ணத்து ஆள். மடியில் தவில்.

ஸ்டீரிங்கைப் பிடித்தவன் நான்.

ஆக ஐந்து பேர். ஆறாவதாக ஒரு சத்தம் ஏறியிருந்தது. இடது பின் சக்கரத்திலிருந்து வந்தது. டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக்.

எதற்குப் போனோம்

சண்டைக் காலம் அது. ஆச்சியின் வீட்டுக்காரர் செட்டியார் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டிக் கடை வைக்கப் போனவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ரங்கூனை விட்டுக் கிளம்பிவிட்டார் என்று ஒரு சேதி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மாசம் மேல் மாசம் போயிற்று.

ஆச்சி அழுது நான் பார்த்ததில்லை. சாயங்காலம் ஆனால் வண்டி ஷெட்டுக்கு வருவாக. "எஞ்சினை ஒருக்க எழுப்பு கருப்பையா" என்பாக. கூப்பனுக்குக் கிடைக்கிற பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கும். இருந்தாலும் எழுப்புவேன். ஒரு நிமிஷம் நின்று கேட்பாக. "போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாக.

எதற்கென்று நான் கேட்டதில்லை. வீட்டுக்காரர் என்றைக்கு வந்தாலும் வண்டி தயாராக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு நாள் கல்கத்தாவிலிருந்து கார்டு வந்தது. நடந்து வந்து சேர்ந்துவிட்டேன், உடம்பு தேறினதும் வருகிறேன் என்று இரண்டு வரி. பிறகு தந்தி. இன்ன நாள் மத்தியான ரயிலில் புதுக்கோட்டையில் இறங்குகிறார்.

"மேளத்தோட கூட்டியாரணும்" என்றாக ஆச்சி.

கணக்கப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். "அங்க எல்லாத்தையும் விட்டுட்டு வர்றாக. இந்த நேரத்துல மேளம்னா ஊரு என்ன பேசும்?"

"எல்லாம் போச்சேன்னு அவுக தலையக் குனிஞ்சு ஊருக்குள்ள வரக் கூடாது. அதுக்குத்தான் மேளம்."

அப்படித்தான் நாயனக்காரரும் வையாபுரி அண்ணனும் முதல் நாளே அரிமளத்துக்கு வந்து தங்கினார்கள்.

கமலைத் தோல்

இரண்டு வாரத்துக்கு முந்தி இதே பத்திரிகையில், பிரேக்குக்குக் கமலைத் தோல் போட்டேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். புளுகுக்கும் அளவு உண்டு என்கிறார். அவருக்காகச் சொல்கிறேன்.

சண்டை வந்த பிறகு டயர் கிடையாது. கிரீஸ் கிடையாது. பிரேக் லைனிங் கிடையாது. லைனிங் என்பது பிரேக் கட்டைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டை. மிதித்தால் அதுதான் போய் டிரம்மைக் கவ்வும். அது தேய்ந்தால் இரும்பும் இரும்பும் உரசும். வண்டி நிற்காது.

கமலை என்றால் மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைப்பது. தண்ணீர் மொள்ளுகிற சாலுக்குக் கீழே தோலில் வால் தொங்கும். வருஷக்கணக்கில் தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்து பழகின தோல். அதற்கு மேல் பக்குவம் ஒரு தோலுக்கு யாரும் செய்ய முடியாது.

பழைய வால் ஒன்றை வாங்கி வந்தேன். ஊறவைத்து இழுத்துக் காயப்போட்டேன். பட்டை அறுத்துக் கட்டையில் செம்பு ஆணி வைத்து அடித்தேன். ஆணித் தலை தோலுக்குள் அமுங்கி இருக்க வேண்டும். அதுதான் சூட்சுமம்.

முதல் தடவை மிதித்தபோது கருகின வாடை வந்தது. ஆனால் வண்டி நின்றது. மாடு இழுத்த தோல் காரை நிறுத்தியது. அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

கணக்கப்பிள்ளைக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"இன்னைக்குக் கமலைத் தோலு. நாளைக்கு டயருக்குப் பதிலா வைக்கப் பிரி சுத்துவான்" என்று ஊரெல்லாம் சொன்னார்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. கரி போட்டு பஸ் ஓட்டுகிற ஒருவர் எங்கள் வண்டியை எஞ்சினுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடாத வண்டியை வைத்து என்ன செய்வது, கொடுத்துவிடலாம் என்பது கணக்கப்பிள்ளை கட்சி. ஆச்சி பிடி கொடுக்காமல் இருந்தாக.

அப்போதுதான் இந்த டொக் ஆரம்பித்தது. செட்டியார் வருவதற்கு இரண்டு நாளைக்கு முந்தி.

சத்தம் பார்க்கிற விதம்

நான் மூன்றாம் கிளாஸோடு நின்றவன். புத்தகம் பார்த்து மெக்கானிக் வேலை படிக்கவில்லை. சத்தம் கேட்டுப் படித்தேன்.

என் வீட்டில் சொல்வாள். "நான் நாலு தடவை கூப்புட்டாக் காதுல விழாது. சக்கரம் மொனகினா சோத்தை வச்சிட்டு ஓடுவீக." அது உண்மை.

பின் சக்கரத்துச் சத்தம் பொல்லாதது. முன் சக்கரம் என்றால் ஸ்டீரிங் வழியாகக் கைக்கு வந்துவிடும். பின்னால் இருப்பது முதுகுக்குப் பின்னால் பேசுகிற ஆள் மாதிரி. யார் என்று தெரியாது.

ஒரு தடவை ஒரு வக்கீல் வண்டி வந்தது. மெதுவாகப் போனால் பின்னால் கலகலவென்று சத்தம். வேகம் எடுத்தால் நின்றுவிடும். மூன்று பேர் மூன்று இடத்தில் அவிழ்த்துப் பார்த்துவிட்டார்கள். சக்கரத்து நடு மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு நட்டு கிடந்தது. மெதுவாகச் சுற்றினால் உருளும். வேகமாகச் சுற்றினால் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை எடுத்து வக்கீல் கையில் கொடுத்தேன். அவருக்கு வருத்தம். பெரிய வியாதியாக இருக்கும் என்று நினைத்திருந்தார்.

இந்த டொக் அப்படி இல்லை. வேகம் கூட்டினால் சீக்கிரம் சீக்கிரம் வந்தது. எஞ்சினை விலக்கி வண்டியைச் சும்மா உருளவிட்டாலும் வந்தது. அப்படியானால் எஞ்சின் இல்லை.

ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினேன். சத்தமே இல்லை. நல்ல பிள்ளை மாதிரி சுற்றியது.

ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாகத் தொட்டேன். டொக் அமுங்கியது. காலை எடுத்தேன். திரும்ப வந்தது.

பிரேக்கைத் தொட்டால் மாறுகிற சத்தம் பிரேக்குச் சத்தம். எந்த டிரைவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் தோல்தான் பிய்ந்து தொங்குகிறது என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

கணக்கப்பிள்ளை சொன்னார். ஆச்சி முன்னாலேயே பிரேக்கை மிதிக்கச் சொல்லிக் காட்டிக் கொடுத்தார்.

ஆச்சி என்னைக் கூப்பிட்டாக.

"கருப்பையா, நாளைக்கு வண்டி போகணும், வரணும். வேற வண்டிக்குப் பெட்ரோல் இல்ல. போய்ட்டு வந்தப்புறம் சக்கரத்தைப் பிரிச்சுக் காட்டு. அது ஒன் தோல் செஞ்ச வேலைன்னா, வண்டிய அந்த பஸ்காரருக்குக் கொடுத்துடறேன். நீயும் வேற எடம் பாத்துக்க."

"சரிங்க ஆச்சி" என்றேன்.

டிரம்மைப் பிரிக்க வேண்டிய இழுப்பான் அப்போது என்னிடம் இல்லை. புதுக்கோட்டையில் ஒருவரிடம் இருந்தது. அதனால் எதையும் பார்க்காமலேதான் கிளம்பினோம்.

இரண்டு பேர் வாசிக்கிறார்கள்

வெயில் ஏறின பிறகு புறப்பட்டோம். செம்மண் ரோடு. இரண்டு பக்கமும் முந்திரி. காற்றில் பூ வாடை. மூன்று மைல் போயிருப்போம்.

இடது பின் டயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஒரு வெடிப்பு. பழைய டயரில் துண்டு வெட்டி மேலே வைத்து போல்ட்டுப் போட்டு இறுக்கியிருந்தேன். அந்த ஒட்டு தரையில் படுகிறபோதெல்லாம் தொப் என்னும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தொப். எங்களுக்கு அது பழகிப்போன சத்தம். யாரும் காதில் வாங்குவதில்லை.

வையாபுரி அண்ணன் வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டிக்கொண்டே வந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, ஒங்க வண்டியில ரெண்டு பேரு வாசிக்கிறாங்க" என்றார்.

"என்னண்ணே?"

"தொப்புன்னு ஒருத்தன். டொக்குன்னு ஒருத்தன். தொப்பு யாரு?"

"டயர் ஒட்டுண்ணே. சுத்துக்கு ஒரு தடவை விழும்."

"அவன் நல்லவன். தாளம் அவன்தான் போடறான். டொக்கு அவனோட சேர மாட்டேங்கறான்."

பின்னாலிருந்து கணக்கப்பிள்ளை. "பிரேக்கை மிதிச்சாக் கொறையுதுல்ல? அப்ப பிரேக்குதான். இதுக்குத் தவில்காரரு எதுக்கு?"

"அய்யா, நீங்களும் எண்ணித்தான் சாப்புடறீங்க. நானும் எண்ணித்தான் சாப்புடறேன். செத்த இருங்க."

மறுபடி கண்ணை மூடினார். ஒரு கண்மாய்க் கரை முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார். கரை முடிகிற இடத்தில் சொன்னார்.

"அஞ்சு தொப்புக்கு ரெண்டு டொக்கு. மொத டொக்கு மொதத் தொப்போட விழுது. அடுத்த டொக்கு மூணாந் தொப்புக்கும் நாலாந் தொப்புக்கும் நடுவுல. ஆறாந் தொப்புல திரும்பச் சேருது. அதுலயும் நூலளவு பிந்துறான்."

வண்டியை நிறுத்தினேன்.

"என்னப்பா?" என்றாக ஆச்சி.

இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தோல் பிய்ந்திருந்தால் சுற்றுக்கு ஒரு தடவை சத்தம் வரும். ஆணி தலை நீட்டியிருந்தாலும் சுற்றுக்கு ஒன்று. டிரம் கோணியிருந்தாலும் ஒன்று. பிரேக்கில் எது கெட்டாலும் தொப்போடு சேர்ந்துதான் விழ வேண்டும். இரண்டரைச் சுற்றுக்கு ஒரு தடவை கூப்பிடாது.

எஞ்சினிலிருந்து பின்னால் வருகிற தண்டு சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றும். அதில் கோளாறு என்றால் தொப்பைவிட டொக் அதிகம் விழ வேண்டும். இங்கே குறைவாக விழுகிறது.

சக்கரத்தைவிட மெதுவாகச் சுற்றுவது எது?

பனை உருளை

டிரைவர் ஆவதற்கு முந்தி இரண்டு வருஷம் திருமயம் பக்கம் கல் நகர்த்துகிற வேலையில் இருந்தேன். தூணுக்கான கல். ஆள் தூக்க முடியாது. பனந்துண்டுகளை வரிசையாகப் போட்டு, மேலே கல்லை ஏற்றித் தள்ளுவோம்.

கல் முன்னால் போகும். பனந்துண்டும் உருண்டு போகும். ஆனால் கல்லோடு சரிக்குச் சரி போகாது. கல் இரண்டடி போனால் துண்டு ஓரடிதான் போகும். அதனால் பின்னால் விழுந்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிப் போட வேண்டும். அந்தத் துண்டைச் சுமந்து சுமந்து என் வலது தோள் காய்த்துப்போனது. இன்னும் இருக்கிறது.

சக்கரத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கை தானாகப் போய் அந்தத் தோளைத் தடவியது.

அச்சுக்கு உள்ளே பேரிங் இருக்கிறது. அதில் இரும்பு உருளைகள். அச்சு அந்த உருளைகளின் மேல்தான் சுற்றுகிறது. அச்சு கல் மாதிரி. உருளை பனந்துண்டு மாதிரி. அது பின்தங்கித்தான் வரும்.

ஒரு உருளை உடைந்திருக்கிறது. அது சுற்றி வந்து பாரத்துக்கு அடியில் சிக்குகிறபோதெல்லாம் டொக். ஜாக்கியில் தூக்கினால் பாரம் இல்லை. அதனால் சத்தமும் இல்லை. பிரேக்கைத் தொட்டால் கட்டை டிரம்மை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அச்சு ஆடாமல் நிற்கிறது. அதனால் அமுங்குகிறது.

என் தோல் இல்லை.

சந்தோஷப்படத் தோன்றவில்லை. தோல் பிய்ந்திருந்தால் வண்டி நிற்காது, அவ்வளவுதான். பேரிங் உடைந்தால் இன்னொரு உருளை போகும், அப்புறம் எல்லாம் போகும். அச்சு முறியும்.

விளக்கெண்ணெய்

எழுந்து வந்து ஆச்சியிடம் சொன்னேன். சுருக்கமாகச் சொன்னேன்.

"இதே மாதிரி போனா என்ன ஆகும்?"

"சக்கரம் தனியாப் போயிரும் ஆச்சி."

"திரும்பி வீட்டுக்குப் போனா?"

"அதுவும் இதே சக்கரத்துலதான் போகணும்."

ஆச்சி கொட்டானைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாக.

"அப்ப முன்னாலயே போ" என்றாக.

"கதை விடறான் ஆச்சி" என்றார் கணக்கப்பிள்ளை. "தோலை மறைக்கறதுக்குத் தவில்காரரையும் சேத்துக்கிட்டான்."

"அதைப் பிரிச்சாத் தெரிஞ்சுபோகுது. கருப்பையா, இப்ப என்ன செய்யணும்?"

"இடது பக்கம் பாரம் கூடாதுங்க. ஆள் நடக்கிற வேகத்துலதான் போகணும். ரயிலுக்கு நேரம் ஆயிரும்."

சொல்லி முடிப்பதற்குள் நாயனக்காரர் இறங்கி ரோட்டில் நின்றார்.

"கணக்கப்பிள்ளை, எறங்குங்க" என்றாக ஆச்சி.

"நானா?"

"ஆள்ல பாரம் நீங்கதானே."

அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். வண்டி ஒரு பக்கம் இரண்டு விரல் உயர்ந்தது. நான் பொய் சொல்லவில்லை.

வையாபுரி அண்ணனும் இறங்கப் போனார். "நீங்க இருங்கண்ணே" என்றேன்.

"நானும் பாரம்தானே தம்பி?"

"காது வேணும். அஞ்சுக்கு ரெண்டு விழற வரைக்கும் ஒரு உருளைதான். அது மூணாச்சு, நாலாச்சுன்னா ஒடனே சொல்லுங்க."

"அப்ப தவில் எறங்கிக்கட்டும். நான் இருக்கேன்" என்றார்.

தவில் நாயனக்காரர் தோளுக்குப் போனது. அவர் ஒரு பார்வை பார்த்தார். பேசுகிற நாளாக இருந்தால் நல்லதாக நாலு வார்த்தை கிடைத்திருக்கும்.

அச்சு முனையில் கிரீஸ் வைக்கிற கிண்ணி ஒன்று உண்டு. திறந்து பார்த்தேன். காய்ந்து கிடந்தது. கிரீஸ் எங்கே போவது? எண்ணெய் இருந்தால் கொஞ்சம் தாங்கும்.

கொட்டானில் விளக்கெண்ணெய் இருப்பது எனக்குத் தெரியும். கேட்க வாய் வரவில்லை. ஆச்சியே புட்டியை எடுத்தாக.

"இது அவுக காலுக்குன்னு கொண்டாந்தது" என்றாக. "பர்மாவுலேருந்து நடந்த காலு. பாளம் பாளமா வெடிச்சிருக்கும்."

புட்டியை முந்தானையால் துடைத்தாக. பிறகு நீட்டினாக.

"ஊத்து. முழுசையும் ஊத்து."

ஊற்றினேன். எண்ணெய் கசிந்து பிரேக்குத் தோலுக்கும் இறங்கும். அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. நடக்கிற வேகத்துக்கு மற்ற சக்கரத்துப் பிரேக்குப் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஊர்வலம்

ஆச்சி பின் சீட்டில் வலது ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாக. வையாபுரி அண்ணன் என் தோளோடு தோளாக ஒட்டிக்கொண்டார். கியர் மாற்றுகிறபோதெல்லாம் என் முழங்கை அவர் விலாவில் இடிக்கும். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. தொடையில் தட்டிக்கொண்டே வந்தார்.

முன்னால் நாயனக்காரர், தோளில் தவில், கக்கத்தில் நாயனம். பின்னால் வண்டி. வண்டிக்கு இடது பக்கம் குடையோடு கணக்கப்பிள்ளை. வெயிலில் வெளியூர் ஆள் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்?

ஒரு கண்மாயில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் குடத்தை இறக்கிவிட்டுக் கரைக்கு வந்தார்கள். ஒரு அம்மா கும்பிட்டபடி கேட்டது. "எந்த ஊரு சாமிங்க?"

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல. போம்மா அங்கிட்டு" என்றார் கணக்கப்பிள்ளை.

"பின்ன எதுக்கு மேளத்தோட இம்புட்டு மெதுவாப் போறீக?"

அவர் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். ஆச்சி சிரித்தது கேட்டது. அந்த வருஷத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

பாதி தூரம் போயிருப்போம். வையாபுரி அண்ணன் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க."

பிரேக்கை மிதித்தேன். "மூணாச்சாண்ணே?"

"ரெண்டுதான். ஆனா டொக்கு கனக்குது. ஆரோ ஏறிட்டாங்க."

திரும்பிப் பார்த்தேன். இடது பக்கம் புட்போர்டில் கணக்கப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். குடையை மடக்கியிருந்தார்.

"கால் கடுத்துச்சு. ஒரு பர்லாங்குன்னு…" என்றார்.

"அய்யா, நீங்க எறங்கினாத்தான் எனக்குத் தாளம் நிக்கும்" என்றார் வையாபுரி அண்ணன். கண்ணை இன்னும் திறக்கவில்லை.

கணக்கப்பிள்ளை இறங்கினார். அதற்குப் பிறகு தவில்காரர் எதுக்கு என்று அவர் கேட்கவில்லை. வழியெல்லாம் முனகிக்கொண்டுதான் வந்தார். ஆனாலும் ஒரு மேட்டில் எஞ்சின் திணறினபோது, யாரும் சொல்லாமலே பின்னால் போய்க் கை கொடுத்துத் தள்ளினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்டேஷன்

ரயில் வந்து போய்விட்டது. ஸ்டேஷன் காலியாகக் கிடந்தது.

வாசல் வேப்ப மரத்தடியில் ஒரு தகரப் பெட்டிமேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வண்டியை நிறுத்தின பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. பாதி ஆளாகப் போயிருந்தார். இரண்டு பாதத்திலும் துணி சுற்றியிருந்தது.

ஆச்சிக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்தாக.

போய் எதிரில் நின்றாக.

"நாழியாயிருச்சு" என்றாக ஆச்சி.

"எனக்கு ஒண்ணும் நாழி ஆகல" என்றார் செட்டியார்.

ஆச்சி கீழே உட்கார்ந்து பாதத்துத் துணியை அவிழ்க்கப் போனாக. அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"எண்ணெய் கொண்டாந்தேன். சக்கரம் குடிச்சிருச்சு."

"குடிக்கட்டும். அதுவும் நடந்துதானே வந்திருக்கு."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வண்டிப் பக்கம் போய்ச் சக்கரத்து நடு மூடியைத் தொட்டுப் பார்த்தேன். சோறு வடித்த பானை மாதிரி சுட்டது.

மேளம் ஆரம்பித்தது. வையாபுரி அண்ணன் தவிலை மாட்டிக்கொண்டு முதலில் ஒரு நடை வாசித்தார். நாயனக்காரர் திரும்பி முறைத்தார். அது எந்த நடை என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வண்டியில் திரும்பக் கூடாது என்று சொன்னேன். இரண்டு மாட்டு வண்டி பிடித்தார்கள். மேளம் ஒன்றில், ஆச்சியும் செட்டியாரும் ஒன்றில். அரிமளத்து எல்லையிலிருந்து வீடு வரைக்கும் வாசித்துக்கொண்டே போனார்களாம். செட்டியார் தலை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாராம். நான் பார்க்கவில்லை. வண்டியோடு ஸ்டேஷனில் இருந்துவிட்டேன்.

மேல்துண்டு

மறுநாள் காலையில் இழுப்பான் வாங்கி வந்தேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் புளிய மர நிழலில் ஜாக்கி போட்டேன்.

வையாபுரி அண்ணன் திருக்கோகர்ணத்திலிருந்து நடந்தே வந்துவிட்டார். அரிமளத்திலிருந்து ராத்திரிதான் திரும்பியிருக்கிறார். கண் சிவந்து கிடந்தது. "இதைப் பாக்காம எனக்குத் தூக்கம் வராது" என்றார்.

கணக்கப்பிள்ளையும் வந்தார். ஆச்சி அனுப்பியிருந்தாக. "பிரிக்கறப்ப கூட இருந்து பாத்துட்டு வரச் சொன்னாக. பாத்ததைச் சொல்லணும். அவ்வளவுதான்" என்றார். ஜாடையாகக்கூட என்னைப் பார்க்கவில்லை. நொண்டி நொண்டித்தான் நடந்தார்.

டிரம் கழன்று வந்தது. முதலில் தோலைக் காட்டினேன். விளக்கெண்ணெயில் ஊறிக் கறுப்பாக, கிணற்றிலிருந்து ஏறின அன்றைக்கு மாதிரி மெத்தென்று இருந்தது. ஆணி ஒன்றும் அசையவில்லை. கணக்கப்பிள்ளை விரலால் அமுக்கிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"தோல் சரி" என்றார். "சத்தம் எதுனாலன்னு இன்னும் தெரியலையே."

பேரிங்கை வெளியே இழுத்தேன். கூட்டில் பன்னிரண்டு குழி. குழிக்கு ஒரு உருளை இருக்க வேண்டும். எண்ணெயும் இரும்புத் தூளும் சேர்ந்து கரியாகக் குழம்பிக் கிடந்தது. எதுவும் தெரியவில்லை.

"எல்லாம் பொடியாத்தான் போயிருக்கும்" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஒண்ணு" என்றார் வையாபுரி அண்ணன். "ஒரே ஒருத்தன்தான் தாளம் தப்பினான். மத்தவன்லாம் ஒழுங்கு." தோளிலிருந்து மேல்துண்டை எடுத்துத் தரையில் விரித்தார். நல்ல துண்டு. மேளத்துக்குப் போட்டு வந்தது.

"கறையாயிரும்ணே."

"ஆகட்டும். போடுங்க."

ஒவ்வொன்றாக எடுத்தேன். மண்ணெண்ணெயில் அலசித் துடைத்தேன். உடைந்த துண்டுகளைத் தரையில் வைத்தேன். முழு உருளைகளை விரித்த மேல்துண்டில் வரிசையாக வைத்தேன். நான் எண்ணவில்லை.

"நீங்களே எண்ணுங்க" என்றேன் கணக்கப்பிள்ளையிடம். "ஆச்சிகிட்ட நீங்கதானே சொல்லணும்."

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து எண்ணினார். நிமிர்ந்து வையாபுரி அண்ணனைப் பார்த்தார். மறுபடி குனிந்து இன்னொரு தடவை எண்ணினார்.

பதினொன்று.